பெருக்கினவருக்கே ஜன்னல்

அந்தப் பொதுப் பட்டறையில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. காலையில் யார் எந்த இடத்தைப் பெருக்குகிறாரோ, அன்றைக்கு அந்த இடம் அவருக்கு. ஒருத்தருக்கு ஓர் இடம்தான்.

யாரும் உட்கார்ந்து யோசித்துப் போட்ட சட்டம் இல்லை. தெருக்காரர்கள் ஒன்றுகூடி, சும்மா கிடந்த ஒரு சரக்குக் கிடங்கைப் பிடித்து, ஆளுக்கொரு கருவியைக் கொண்டுவந்து போட்டு, யார் வேண்டுமானாலும் வந்து வேலை செய்யலாம் என்று கதவைத் திறந்துவைத்தார்கள். மறுநாளே இடத்துக்குச் சண்டை வந்துவிட்டது. சாவி வைத்திருந்தவர் சாதுவான மனிதர். சத்தம் தாங்காமல், "யார் பெருக்குறீங்களோ அவங்களுக்கு இடம், போங்கப்பா!" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். குப்பையும் போகும், சண்டையும் போகும் என்று நினைத்தார் பாவம். குப்பை போனது.

இந்தச் சட்டத்தால் வாழ்ந்தவள் ஜன்னலக்கா.

அவள் முதன்முதலில் தையல் மெஷினோடு அங்கே வந்தபோது அந்தப் பெயர் இல்லை. பட்டறையில் இருந்த ஒரே ஜன்னல் அப்போது தச்சருடையது. தச்சர் நல்லவர்தான், ஆனால் டீயை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறவர். அவர் டீ குடித்து முடித்து வந்து பார்த்தால், ஜன்னலடியில் ஒரு தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

"அம்மா, இது என் இடம்."

"அப்படீங்களா? உங்க மரத்தூளெல்லாம் அந்த மூட்டையில கட்டி வச்சிருக்கேன். ஒரு துரும்பு குறையாது, எடுத்துக்குங்க."

அன்றிலிருந்து அவள் ஜன்னலக்கா. பேண்ட் நீளம் குறைக்க, ஜிப் மாற்ற, பைக்கு வார் வைக்க, திரைச்சீலைக்கு ஓரம் அடிக்க அந்தத் தெருவில் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். அவளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. கடவுள் அவளுக்குக் கையில் நல்ல வேலையைக் கொடுத்தார். நாக்கைக் கொடுக்கும்போது மட்டும் அளவு பார்க்க மறந்துவிட்டார்.

கொடுத்த கண்ணைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்.

இது யாருக்கும் தெரியாது. கண்ணில் புரை விழுந்து, எல்லாவற்றையும் யாரோ டீயில் நனைத்து எடுத்ததுபோல அவளுக்குத் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் இருந்தால் விரல் நுனியை வைத்துச் சமாளித்துவிடுவாள். நான்கு தப்படி உள்ளே தள்ளி உட்கார்ந்தால் ஊசி எது, விரல் எது என்று தெரியாது. ஊசியில் நூல் கோக்கிற வேலையே அவளிடம் இல்லை. தினமும் காலையில் அவள் புருஷன்தான் வீட்டில் உட்கார்ந்து ஊசிகளில் நூல் கோத்து, அவள் சட்டைக் கழுத்துப் பட்டியின் உள்பக்கம் வரிசையாகக் குத்தி அனுப்புவார். இடது பக்கம் நீலம், வலது பக்கம் கருப்பு. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டு எறும்பைக்கூட அடையாளம் சொல்கிறவர்.

"நீயும் எடுத்துக்கயேன்மா. கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"உங்களுது பஸ் ஹெட்லைட்டு. ஒண்ணு போனா இன்னொண்ணு மாத்திக்கலாம். என் கண்ணுல கத்தி வைக்கிறதை நான் என் கண்ணாலேயே பார்க்கணுமா?"

விஷயம் வெறும் பயமும் இல்லை. ஜன்னலக்காவுக்குக் கண் தெரியவில்லை என்று தெருவில் ஒரு வார்த்தை பரவினால் போதும், நல்ல துணி அவளிடம் வராது. அதனால் அவள் வாய் எதையும் பேசும், இதை மட்டும் பேசாது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் கொழுந்தன் அந்த மெஷினைக் கொண்டுவந்தான்.

கொழுந்தன் என்றால் டிரைவரின் தம்பி. ஃபிட்டர். இரும்பைக் கண்டால் சும்மா விடமாட்டான். தெரு முழுக்கச் சேர்ந்து கிடந்த பாட்டில் மூடிகளைப் பார்த்து அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மூடிகளைப் பொடித்து, உருக்கி, அச்சுக்குள் அழுத்தினால் பொத்தான், கொக்கி, கைப்பிடி எல்லாம் வார்க்கலாமே! பாதி வாங்கினான், பாதி அவனே பற்றவைத்தான். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். நடுவில் சூடேறுகிற ஒரு குழாய். மேலே மூடித் தூளைக் கொட்ட ஒரு வாய். பக்கத்தில், தண்ணீர் பம்பில் இருப்பது மாதிரி நீளமான ஒரு நெம்புகோல். அதை இழுத்து அழுத்தினால் உருகின பிளாஸ்டிக் கீழே இருக்கிற அலுமினிய அச்சுக்குள் இறங்கும்.

மோல்டிங் மெஷின் என்று அவன் பெருமையாகச் சொன்னான். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தார்கள். எல்லோரும் சுற்றிவந்து பார்த்தார்கள்.

"நெம்புகோலை அழுத்தும்போது ஆடக்கூடாது. தரையில போல்ட் அடிச்சு நிறுத்தணும்," என்றான் கொழுந்தன். "கனமான ஒயர் இழுக்கணும். முக்கியமா, உருகுற வாசனை வெளிய போக வழி வேணும்."

வாசனை வெளியே போக வழி என்றதும் அத்தனை தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. அக்கா தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரே ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தை என்ன தம்பி, அகராதியையே சொல்லு. ஜன்னல்ங்கிற வார்த்தையை மட்டும் விட்டுட்டுச் சொல்லு."

"நீங்க எங்க உக்காந்தாலும் தைக்கலாமே அண்ணி. தலைக்கு மேல லைட்டு போட்டுத் தரேன்."

"லைட்டை உன் மெஷின் தலைக்கு மேலயே போட்டுக்க. எனக்குக் காத்து வேணும்."

கொழுந்தன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தச் சிரிப்பு அக்காவுக்குப் பிடிக்கவில்லை. தச்சரிடம் மூட்டையைக் காட்டிய அன்று தானும் அப்படித்தான் சிரித்தோம் என்பது நினைவு வந்தது.

மறுநாள் காலை வந்து பார்த்தால், ஜன்னலடியில் துடைப்பமும் கையுமாக அவன் நிற்கிறான். நல்லவேளை, பாதிதான் பெருக்கியிருந்தான். அக்கா மீதிப் பாதியைப் பெருக்கினாள். நடுவில் முறத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வழக்காட, சாவிக்காரர் அன்றைக்கு மட்டும் பழையபடியே இருக்கட்டும் என்று தீர்ப்பு சொன்னார்.

அதற்கடுத்த நாள் அக்கா விடியும்போதே வந்துவிட்டாள். அவன் அதற்கும் முன்னால் வரப் பார்த்தான். சாவிக்காரரின் தூக்கம் போயிற்று. "ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானே, வீட்டுலயே பெருக்கித் தீர்த்துக்கக் கூடாதா?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே கதவைத் திறப்பார். ஒருநாள் கொழுந்தன் சாயங்காலமே பெருக்கிவிட்டுப் போனான். சாயங்காலப் பெருக்கு காலைப் பெருக்கு ஆகுமா என்று டீ நேரம் முழுவதும் விவாதம் நடந்தது. ஆகாது என்று முடிவாயிற்று. ஜன்னலடித் தரை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. தச்சர் ஒருநாள் அதில் வழுக்கி விழப் பார்த்தார்.

அக்கா வீட்டில் உட்கார்ந்து உருக்கமாகப் பிரார்த்தனை செய்தாள். "கடவுளே, என் கொழுந்தனுக்கு நல்ல தூக்கத்தைக் கொடு. வெயில் முதுகில அடிக்கிறவரைக்கும் தூங்கட்டும், பாவம் உழைக்கிற பிள்ளை." அடுத்தவனுக்கு நல்லது வேண்டிக்கொள்வதில் பாவம் ஒன்றும் இல்லையே.

ஆனால் இப்படியே எத்தனை நாள் ஓடுவது? ஒருநாள் ஜுரம் வந்து படுத்தால் ஜன்னல் போய்விடும். போல்ட் அடித்துவிட்டான் என்றால் அப்புறம் எத்தனை பெருக்கினாலும் அது திரும்பி வராது. அக்கா யோசித்தாள். அவனுக்கு வேண்டியது ஜன்னல் இல்லை. காற்று போக வழி. தனக்கு வேண்டியது காற்று இல்லை. வெளிச்சம். வாய்தான் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

பட்டறையின் பின்மூலை யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. உடைந்த நாற்காலி, சைக்கிள் சக்கரம், காய்ந்துபோன பெயிண்ட் டப்பா எல்லாம் கூரைவரை ஏறியிருந்தன. இது பழைய சரக்குக் கிடங்கு ஆயிற்றே, சரக்கைத் தள்ள வேறு ஏதாவது திறப்பு இருக்காதா என்று அவளுக்கு ஒரு சந்தேகம். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து அந்தக் குவியலுக்குள் புகுந்தாள். நாற்காலியை நகர்த்தினாள், டப்பாவை உருட்டினாள், புழுதியைப் பெருக்கித் தள்ளினாள். சுவரைக் கையால் தடவிக்கொண்டே போனபோது மரம் தட்டுப்பட்டது. துருப்பிடித்த தாழ்ப்பாளைச் சுத்தியால் ஒரு தட்டு. சின்ன மரக்கதவு ஒன்று கிறீச்சென்று திறந்து, குளுகுளுவென்று காற்று உள்ளே வந்தது. எதிரே பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். வெளிச்சம் மருந்துக்கும் கிடையாது. அவனுக்கென்றே செய்துவைத்த மாதிரி!

"தம்பீ!" என்று கூவிக்கொண்டே திரும்பினாள்.

ஜன்னலடியில் கொழுந்தன் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் டிரில் மெஷினும் போல்ட்டுகளும் தயாராக இருந்தன.

"ரொம்ப நன்றி அண்ணி. நீங்க அந்த மூலைக்குப் போயிட்டீங்கன்னு பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அன்றைக்கு அவள் பெருக்கியது மூலையை. ஜன்னலைப் பெருக்கியது அவன்.

"அது சும்மா பார்க்கிறதுக்குப் பெருக்கினது!"

"பார்க்கப் பெருக்கினது, பிடிக்கப் பெருக்கினதுன்னு சட்டத்துல இருக்கா சாவிண்ணே?"

சாவிக்காரர் தலையைச் சொறிந்தார். சுற்றி நின்றவர்களில் தச்சர்தான் மிக உற்சாகமாக இருந்தார். "பெருக்கினவங்களுக்குத்தானே இடம்? அக்காவோட சாமானையெல்லாம் மூட்டையா நான் கட்டித் தரேன்," என்றார். இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த வார்த்தை அது.

அக்கா கொழுந்தனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மூலையில் நிறுத்தினாள். காற்று அவன் முகத்தில் அடித்தது. அவன் தரையைக் காலால் உதைத்துப் பார்த்தான், கல்லு மாதிரி இருந்தது. மீட்டர் போர்டு கைக்கு எட்டுகிற தூரம். பக்கத்தில் துணியும் இல்லை, மரத்தூளும் இல்லை. ஜன்னலைவிட இந்த மூலைதான் தன் மெஷினுக்குச் சரி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை முகத்தில் காட்டினால் அவன் கொழுந்தனா?

"மாத்திக்கலாம் அண்ணி. ஆனா ஒண்ணு. நாளைக்கு டீ நேரத்துல எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு ஊசியில நூல் கோத்துக் காட்டுங்க. அதுவரைக்கும் போல்ட்டு அடிக்க மாட்டேன்."

"தையக்காரியைப் பார்த்து நூல் கோக்கத் தெரியுமான்னு கேக்கிறியா?"

"தெரியும்ல? அப்புறம் என்ன பயம்?"

அன்று வீட்டில் அக்கா பாத்திரங்களை வைக்கிற சத்தத்திலேயே டிரைவருக்கு விஷயம் புரிந்தது. சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். "கழுத்துப் பட்டியில ஊசி இருக்கே. ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு அவன் குடுக்கிறதை உள்ள போட்டுட்டு, கோத்ததை வெளிய எடு," என்று அவரே வழியும் சொன்னார். அக்கா நெகிழ்ந்துபோனாள்.

மறுநாள் டீ நேரம். பட்டறையே கூடியிருந்தது. டிரைவர்கூட வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கொழுந்தன் ஓர் ஊசியையும் கொஞ்சம் கருநீல நூலையும் நீட்டி, "நல்ல கருநீலம் அண்ணி, யூனிஃபார்ம் தைக்கிற நூல்," என்றான்.

அக்கா வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். நூலை உதட்டில் நனைத்தாள். உள்ளே கடவுளைக் கூப்பிட்டாள். இந்தக் காரியத்துக்கு அவரைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கூப்பிட்டாள். இடதுபக்கப் பட்டிக்குள் விரல் போயிற்று, ஓர் ஊசி வந்தது. திரும்பி, வாலாட்டுகிற நூலோடு ஊசியைத் தூக்கிக் காட்டினாள்.

கைதட்டல். தச்சர் மட்டும் தட்டவில்லை.

கொழுந்தன் பக்கத்தில் வந்து ஊசியை வாங்கிப் பார்த்தான். அவள் காதோரம் குனிந்தான்.

"அண்ணி, நான் குடுத்தது நீலம்."

"அதுக்கென்ன இப்போ?"

"வந்தது கருப்பு."

அக்காவின் நாக்கு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. வாழ்நாள் முழுக்க வலது இடது பார்த்து ஸ்டியரிங் திருப்பிய மனிதர் அன்றைக்குப் பார்த்து ஊசிகளைப் பக்கம் மாற்றிக் குத்தியிருந்தார். மாறிப்போயிற்றா, மாற்றிவிட்டாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். அவர் இருமிக்கொண்டே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் நீல பேண்ட்டுல கருப்புத் தையல் போட்டுக் குடுத்தீங்களே, அன்னைக்கே எனக்குச் சந்தேகம்," என்று முணுமுணுத்தான் கொழுந்தன். பிறகு நிமிர்ந்து உரக்கச் சொன்னான்: "கோத்துட்டாங்கப்பா! ஜன்னல் எங்க அண்ணிக்கே!"

அன்று மத்தியானமே மூலையில் டிரில் சத்தம் கேட்டது. தரையில் போல்ட் இறங்கியது. மீட்டர் போர்டிலிருந்து கனமான ஒயர் வந்தது. மரக்கதவின் திறப்பில் வெளிப்பக்கமாக ஊதுகிற ஒரு ஃபேன் உட்கார்ந்தது. மெஷினைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப்பக்கம் தோல் கையுறை இல்லாமல் வரக்கூடாது என்று கொழுந்தன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஒரு வாளி மணலும் வைத்தான். மூடிகளில் ஒரே ஜாதி பிளாஸ்டிக்காகப் பார்த்துப் பொறுக்கி, கழுவி, பொடித்து மேல்வாயில் கொட்டினான்.

முதலில் வந்த பொத்தான்கள் அரைப் பொத்தான்கள். அச்சு ஜில்லென்று இருந்ததால் பிளாஸ்டிக் பாதி வழியிலேயே இறுகிவிட்டது. "பொத்தானா, நகம் வெட்டிப் போட்டதா தம்பி?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. அச்சைச் சூடுபண்ணி, நெம்புகோலை அழுத்தி, இறுகும்வரை அப்படியே பிடித்திருந்தபோது முழுசாக வந்தது. ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவினால் அழகான பொத்தான்.

மறுநாள் ஒரு பை நிறையப் பொத்தானைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"நீலமும் கருப்பும் கலந்துபோச்சு. பிரிச்சுக் குடுங்க. உங்ககிட்டதானே ஜன்னல் இருக்கு."

அக்கா வீராப்பாக வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது நீலம், இது கருப்பு என்று இரண்டு குவியல் போட்டாள். கொழுந்தன் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"பாதிதான் சரி அண்ணி."

கலைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த நாளும் பிரித்தாள். "பாதிதான் சரி." அதற்கடுத்த நாள் கண்ணில் நீர் வழிய வழியப் பிரித்தாள். அவன் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "இன்னைக்கும் பாதிதான் அண்ணி," என்றான். வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. ஊர் முழுக்கச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அந்த வாரக் கடைசியில் சாப்பிட உட்கார்ந்தபோது, "கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொன்னீங்களே, சின்னக் கொசுவா பெரிய கொசுவா?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கடவுளையும் விடவில்லை, டாக்டரையும் விடவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாரா என்று இரண்டு பேர் முன்னால் கேட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாளைக்குக் குனியக்கூடாது, தூசிப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் வீட்டில் இருந்த நாளெல்லாம் அவளுடைய தையல் மெஷின் துணிபோர்த்தி ஜன்னலடியிலேயே இருந்தது. தச்சர் இரண்டு மூன்று முறை துடைப்பத்தோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போனார். விடிகாலையில் யாரோ அந்த இடத்தைப் பெருக்கிவிட்டிருந்தார்கள்.

அவள் பட்டறைக்குத் திரும்பி வந்த அன்று முதலில் பார்த்தது தரையை. இத்தனை நாள் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று நினைத்த தரையில் மூலைக்கு மூலை பஞ்சும் நூலும் ஒட்டிக்கிடந்தன. அடுத்து, மேஜைக்குக் கீழே வைத்திருந்த பொத்தான் பையை எடுத்துக் கவிழ்த்தாள். ஒன்றைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். மொத்தத்தையும் கையால் பரப்பினாள்.

எல்லாமே நீலம்.

ஒரு பொத்தான்கூடக் கருப்பு இல்லை. அவள் கருப்பு என்று போட்ட குவியல் என்றைக்கும் தப்பாகத்தான் இருந்திருக்கும்.

"அடப் படுபாவி!"

அவள் கத்தவில்லை. வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, பொத்தானை எல்லாம் பைக்குள் அள்ளிப் போட்டாள். அன்றைக்கு முழுவதும் கொழுந்தனிடம் தேனாகப் பேசினாள். அவனும், அண்ணிக்குக் கண் வந்ததில் மனசும் இளகிவிட்டது போலிருக்கிறது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

குனியலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, கொழுந்தன் வழக்கம்போலத் தான்தான் முதல் ஆள் என்ற நினைப்பில் வந்து ஜன்னலடியை அண்ணிக்காகப் பெருக்கினான். பெருக்கிவிட்டுத் தன் மூலைக்குப் போனான். மஞ்சள் கோட்டுக்கு உள்ளே தரை பளிச்சென்று இருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, தோல் கையுறை மாட்டிக்கொண்டு, மடியில் முறத்தோடு அண்ணி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சாவிக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்.

"இது என் மெஷின் அண்ணி!"

"மெஷின் உன்னுதுதான் தம்பி, யார் இல்லைன்னது? போல்ட்டு அடிச்சிருக்கிற தரை இன்னைக்கு என்னுது. வேணும்னா மெஷினைக் கழட்டி எடுத்துக்க. ஒரு துரும்பு குறையாது."

"நீங்க பெருக்க முடியாம கிடந்தப்போ தினமும் உங்க ஜன்னலைக் காப்பாத்தினவன் நான்!"

"தெரியும். அதனாலதான் நெம்புகோலைத் தொடவிடுறேன். ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுட்டுத் தொடு. முதல்ல எனக்குக் கொஞ்சம் கருப்புப் பொத்தான் போட்டுக் குடு. நீ கருப்புப் பொத்தானே போட்டதில்லையாமே?"

கொழுந்தனின் முகம் போன போக்கைப் பார்த்துத் தச்சர் டீயைச் சிந்திக்கொண்டார். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அண்ணியைக் கொண்டுவிட்டு, டீ குடித்துத் திரும்பி வந்து வாசலில் நின்ற டிரைவரிடம் ஓடினான்.

"அண்ணே, நீங்களாவது நியாயம் சொல்லுங்க!"

"என்னை எதுக்குடா இழுக்கிறே? எனக்கு வலதும் தெரியாது, இடதும் தெரியாது."

அக்கா சட்டென்று திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் உடனே கூரையைப் பார்த்து இரும ஆரம்பித்தார். ஆனால் வாசலுக்கும் மூலைக்கும் இடையில் அத்தனை தூரம் இருந்தும், அவர் மீசைக்குக் கீழே ஒளிந்துகொள்ள இடம் தேடிய அந்தச் சிரிப்பு இப்போது அவளுக்குத் தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது.